அரிய, அறிய: எது எங்கே?

'அறிய புகைப்படம்', 'அறிய வாய்ப்பு' என்று தலைப்பிடுவதை அடிக்கடி பார்க்கிறோம். அங்கே வரவேண்டியது 'அரிய'.

'அரிய' பெயரடை. வேர் 'அரு', அருமை, அரிது, அருமருந்து, அருங்காட்சியகம் எல்லாம் அதே குடும்பம். இன்று இதை 'எளிதில் கிடைக்காத' என்ற பொருளில்தான் அதிகம் பயன்படுத்துகிறோம். ஆனால் 'செய்யக் கடினமான' என்ற பொருளும் பழையதே. 'செயற்கரிய செய்வார் பெரியர்' என்னும் 26-ஆம் குறளில் அதைப் பார்க்கலாம். கடினமானது எளிதில் வாய்க்காது, வாய்க்காதது மதிப்புப் பெறும். 'அருமையான பாட்டு' என்று இப்போது நாம் பாராட்டுவது வரை அந்தப் பொருள் வளர்ந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

'அறிய' அப்படியல்ல. 'அறி' என்ற வினையிலிருந்து வந்த வினையெச்சம், அவ்வளவுதான்: அறிய விரும்பினேன், அறிய முடியவில்லை.

ரகரம் இடையினம், றகரம் வல்லினம். பேச்சில் பலர் இரண்டையும் ஒன்றுபோலவே ஒலிப்பதால் காது கைகொடுக்காது. பொருளைத்தான் பார்க்க வேண்டும். 'அரிதான' என்று மாற்றிப் பாருங்கள், பொருந்தினால் ரகரம். 'தெரிந்துகொள்ள' பொருந்தினால் றகரம்.

ஓர் இடத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. 'உண்மையை அறிய வாய்ப்பு கிடைத்தது' என்பது சரியான வாக்கியம். 'உண்மையை அறிய அரிய வாய்ப்பு' என்றால் இரண்டுமே சரி.