உளுந்தா, கொள்ளா?

பல்லடம், காங்கேயம் பக்கத்தில் உளுந்து 65 முதல் 75 நாளில் கைக்கு வந்துவிடும். குறைந்தபட்ச ஆதரவு விலையும் அதற்கு உண்டு. ஆனால், 2021 மே மாதத்தில் மத்திய அரசு உளுந்து இறக்குமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியபின், பர்மாவிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்கின் விலை எப்படி அசைகிறதோ, அதையொட்டியே நம் களத்தில் ஒரு மணியைப் பல்லில் கடித்து ஈரம் பார்க்கும் வியாபாரி சொல்லும் விலையும் அசைகிறது.

கொள்ளுக்கு ஆதரவு விலையே கிடையாது; மானாவாரிக்காரருக்கு இது பெரிய அநீதி. எனினும் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்தால் வறட்சியைத் தாங்கி நிற்கும். கொள்ளுப் பருப்புக்கும் ரசத்துக்கும் உள்ளூரிலேயே தேவை உண்டு. காய்ந்த கொடி மாட்டுக்கு ஆகும். கிணற்றில் தண்ணீர் உள்ளவர் உளுந்து போடலாம். வானம் பார்த்த காட்டுக்குக் கொள்ளுப் பயிரையே நான் சொல்வேன்.