எட்டு கிலோவில் வந்தவன்: கிரேட் டேன் குட்டிக்கு வாங்கிய பொருள்கள், ஒன்றரை ஆண்டுக்குப் பின்

எங்கள் கிரேட் டேன் நாய்க்குட்டி முகில் வீட்டுக்கு வந்த அன்று அவனுக்கு எட்டு வாரம் முடிந்திருந்தது. குளியலறை எடைக்கருவியில் அவனைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்றேன். என் எடையைக் கழித்தபோது 8.2 கிலோ. அதை எழுதிய நோட்டு இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மூன்றாம் மாதம் 15.6, ஆறாம் மாதம் 37, முதல் பிறந்தநாளில் 54, இப்போது ஒன்றரை வயதில் 61. தோள்பட்டை உயரம் 84 சென்டிமீட்டர். இந்த இனத்தில் நீலம் என்று சொல்லப்படும் சாம்பல் நிறம் அவனுக்கு. மழைமேகத்தைப் பார்ப்பதுபோல இருந்ததால் அந்தப் பெயர்.

அவனுக்காக வாங்கியவற்றில் எது உழைத்தது, எது மூலைக்குப் போனது என்று எழுதிவைக்க வெகுநாளாக ஆசை. நான் வாங்கும் முன் படித்த மதிப்புரைகள் எல்லாம் 25, 30 கிலோ நாய்களை வளர்ப்பவர்கள் எழுதியவை. ‘பெரிய நாய்களுக்கு’ என்று அட்டையில் அச்சிட்டிருப்பதும் பெரும்பாலும் அந்த எடையை மனத்தில் வைத்துத்தான். கிரேட் டேன் அதைப்போல் இரண்டு மடங்கு கனம். அந்தக் கனமும் ஓராண்டுக்குள் ஏறிவிடுகிறது. எலும்பு முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தகடுகளோ இறுகி முடிய ஒன்றரை வயதுகூட ஆகலாம். அதனால் கட்டில், தட்டு, பட்டை என்று எதை எடுத்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது இவன் மூட்டுக்கு நல்லதா?

உணவைப் பற்றி முதலில் சொல்கிறேன். குட்டியைத் தந்தவர் கூடவே ஒரு கால்சியம் மருந்துப் புட்டியும் தந்தார், தினம் இரண்டு கரண்டி என்று. அப்பா அதைத் தன் மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். “இவ்வளவு வேகமாக வளர்கிற பிள்ளைக்கு எலும்புக்கென்று ஒன்றும் கொடுக்காமல் இருப்பதா அம்மா?” என்று கேட்டார். டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று நிறுத்திவைத்தேன். நல்லவேளை நிறுத்தினேன். ஆறு மாதம் ஆகாத குட்டியின் குடலுக்கு, வேண்டிய கால்சியத்தை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடும் திறன் சரியாக வந்திருக்காது. கூடுதலாகக் கொடுத்தால் கூடுதலாகவே உறிஞ்சிக்கொள்ளும், எலும்பும் குருத்தெலும்பும் கோணலாக வளர அதுவே காரணமாகலாம் என்று டாக்டர் விளக்கினார். அப்பா வீடு திரும்பியதும் ஒரு வார்த்தை பேசாமல் புட்டியைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தார்.

அதன்பின் உலர் உணவு வாங்கும்போது பையின் முன்பக்கப் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் இரண்டு விஷயம் தேடுவேன். வளர்ந்தபின் 70 பவுண்டு, அதாவது சுமார் 32 கிலோ, அல்லது அதற்கு மேல் எட்டும் நாய்களின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்ற வாசகம் இருக்க வேண்டும். நீர் நீக்கிய கணக்கில் கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இது அமெரிக்காவில் விலங்குத் தீவனத் தரங்களை நிர்ணயிக்கும் ஆஃப்கோ அமைப்பு பெரிய இனக் குட்டிகளுக்கு வகுத்த உச்சவரம்பு. நாங்கள் கொடுத்ததில் 1.3. வேறு எந்தச் சத்து மருந்தும் சேர்க்கவில்லை.

அளவும் முக்கியம். 1974-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளையே இரண்டு பிரிவாக்கி வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பிரிவுக்குத் தட்டு எப்போதும் நிறைந்திருக்கும். மற்றதற்கு அதில் மூன்றில் இரண்டு பங்குதான். எலும்புக் கோளாறுகள் அதிகம் கண்டது வயிறாரத் தின்ற குட்டிகளிடம். இது மனத்துக்கு ஒப்பாத செய்தி, எனக்கும்தான். காலித் தட்டை நக்கிவிட்டு நிமிர்ந்து பார்க்கும் குட்டிக்கு இன்னொரு கை அள்ளிப் போடாமல் இருப்பது கடினம். ஆனாலும் வாரம் ஒருமுறை எடை பார்த்து, விலா எலும்பைக் கையால் தடவிப் பார்த்து அளந்துதான் போட்டோம். பார்த்தவர்கள் ஒல்லியாக இருக்கிறானே என்றார்கள். ஒல்லியாகத்தான் இருந்தான், துள்ளிக்கொண்டு இருந்தான். வாங்கியவற்றுள் மிகச் சிறந்தது எது என்று கேட்டால், அந்தச் சாதாரண எடைக்கருவியைத்தான் சொல்வேன். 25 கிலோவுக்கு மேல் தூக்க முடியாமல் போனபின் மருத்துவமனையின் தரைத் தராசுக்கு அழைத்துப்போனோம்.

வாங்கியிருக்கக் கூடாதது, உயரத்தை ஏற்றி இறக்கும் உணவுத் தாங்கி. உயரமான நாய் குனிந்து தின்றால் கழுத்து வலிக்கும் என்று விளம்பரத்தில் இருந்ததை நம்பினேன். மூன்று வாரம் அதில் வைத்தபின்தான் பர்டூ பல்கலைக்கழக ஆய்வைப் பற்றி அறிந்தேன். 2000-இல் வெளிவந்தது, பெரிய, மிகப்பெரிய இனங்கள் பதினொன்றைச் சேர்ந்த 1,600-க்கும் மேற்பட்ட நாய்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். உயர்த்திய தட்டில் தின்ற நாய்களிடம் இரைப்பை ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து கூடுதலாக இருந்தது. இதை எல்லா மருத்துவர்களும் ஒரே எடையில் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கிரேட் டேன் இனத்தை அதிகம் பலிகொள்ளும் ஆபத்து இது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். எனக்கு அந்தச் சந்தேகமே போதும். தட்டு தரைக்கு இறங்கியது. நடுவில் வளைந்த வரப்புகள் உள்ள தட்டாக மாற்றினோம். இரண்டு நிமிடத்தில் விழுங்கியவன் பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறான். நாளுக்கு ஒரே பெரிய வேளை என்று ஒருபோதும் வைப்பதில்லை. வயிறு பறைபோல விறைத்து, வாந்தி வராமலே குமட்டி, நிலைகொள்ளாமல் அலைந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இந்த அடையாளங்களை வீட்டில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். போன மாதம் கருத்தடை செய்தபோதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்தும்விட்டார்கள். ஊதுவதை அது தடுக்காது. முறுக்கிக்கொள்வதைப் பெரும்பாலும் தடுத்துவிடும்.

கூண்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 54 அங்குலக் கூண்டையே முதலில் வாங்கிவிடுங்கள், நடுத்தடுப்பு உள்ளதாக. தடுப்பு இல்லையென்றால் குட்டி ஒரு மூலையில் சிறுநீர் கழித்துவிட்டு மறுமூலையில் படுத்துக்கொள்ளும். நான் 48 அங்குலம் வாங்கினேன். பத்தாம் மாதத்தில் அவன் தலையை நீட்டிப் படுக்க இடமில்லை.

மார்புப்பட்டை நான்கு வாங்க வேண்டியிருந்தது. வளர்ந்த நாயின் அளவில் முன்கூட்டியே வாங்கிவைத்த விலை உயர்ந்த பட்டை, அவன் வளர்ந்தபின் மார்பில் பொருந்தவே இல்லை. வளரும்வரை மலிவானதே போதும், ஆனால் நெஞ்சுப் பக்கத்தில் கயிறு மாட்டும் வளையம் இருக்கட்டும். இழுக்கும்போது உடல் நம் பக்கம் திரும்பிவிடும். என் எடை 52 கிலோ. பதினோராம் மாதம் முகில் என்னைத் தாண்டினான். அந்த நாளிலிருந்து அவனை நிறுத்துவது என் கை அல்ல. 15 கிலோவாக இருந்தபோது இழுத்தால் நடை நின்றுவிடும் என்று அவன் கற்றுக்கொண்டதுதான். எந்தப் பட்டையும் அந்த வேலையைச் செய்யாது.

வழுக்கும் தரைக்கு, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ரப்பர் விரிப்புகள் வாங்கினோம். முதல் வாரம் கூடத்தில் ஓடிவந்தவனுக்குப் பின்கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து போனதைப் பார்த்தேன், மறுநாளே வாங்கிவிட்டேன். அழகாக இல்லை. இன்றும் எடுக்கவில்லை. காரில் ஏற மடக்குச் சாய்பலகை ஒன்று, அதுவும் நல்ல பொருள். முதலில் பயந்தான். ஒரு வாரம் தரையில் தட்டையாகப் போட்டு, அதன்மேல் உணவுத் துணுக்குகளைத் தூவி நடக்கவிட்டோம். பிறகு தானாக ஏறினான். இறங்கும்போது குதிக்கவிடாமல் இருப்பதற்கே அது வேண்டும்.

கடைசியில் மெத்தை. பஞ்சு அடைத்த வட்ட மெத்தை இரண்டே மாதத்தில் அப்பளமாகிவிட்டது. விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. முகில் வெறுந்தரையில் தொப்பென்று விழுந்து படுப்பான். ஏழாம் மாதம் இடது முழங்கையில் எலுமிச்சை அளவு வீக்கம். பயந்து ஓடினோம். கனமான குட்டிகள் கடினமான தரையில் முழங்கையை மோதி மோதி நீர் கோத்துக்கொள்வது இது. வலி இல்லை, சீழ் இல்லை, ஊசி போட்டு இழுத்தால் கிருமி புகக்கூடும், படுக்கையை மாற்றுங்கள் என்றார் டாக்டர். இம்முறை 18 சென்டிமீட்டர் கனமுள்ள அடர்நுரை மெத்தை வாங்கினேன். கடையிலேயே ஒற்றை முழங்காலை ஊன்றி நின்று பார்த்தேன், தரை தட்டவில்லை. உறையைக் கழற்றித் துவைக்கலாம், உள்ளே நீர் புகாத இன்னோர் உறை உண்டு. விலை அதிகம்தான், மூலையில் தையல் பிரிந்து நானே தைத்தேன். இருந்தாலும் தயங்காமல் வாங்கச் சொல்வேன். வீக்கம் ஆறு வாரத்தில் வற்றிவிட்டது.

ஆனால் முதல் பதினைந்து நாள் அவன் அதில் படுக்கவில்லை. குளிர்ந்த தரைதான் வேண்டும் என்று அடம். அப்பா தன் பழைய போர்வையை அதன்மேல் விரித்து, தானும் ஓரத்தில் உட்கார்ந்து நாளிதழ் படிக்கத் தொடங்கினார். அப்படி உட்காரத் தொடங்கிய நான்காம் நாள் அவர் மடியில் தலையை வைத்து முகில் உறங்கிவிட்டான். இப்போது இரவில் அப்பாவின் அறை வாசலிலேயே கிடக்கிறான் என்று அங்கும் ஒன்று வாங்கியிருக்கிறேன். நேற்று வந்தது. நான் கத்தரிக்கோல் எடுத்துவருவதற்குள் பிளாஸ்டிக் உறையோடு ஏறிப் படுத்துவிட்டான். எழுப்ப வேண்டாம் என்று அப்பா சைகை காட்டினார்.