மூன்று கட்டையில் நிற்க மறுக்கும் ரிங் மாடுலேட்டர்

கிட்டாரின் ஒலியை உருமாற்றும் பழைய ரிங் மாடுலேட்டர் பெடல் ஒன்று விலை குறைந்து வருகிறது, வாங்கலாமா என்று பேஸ் கிட்டார் வாசிக்கும் நண்பர் கேட்டார். அதே வகைப் பெடலைச் சில ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். போன வாரம்தான் சென்னை ரிட்சி தெருவில் பழுது பார்த்து எடுத்து வந்தேன். கோபமும் பிரியமும் இரண்டுமே புதிதாக இருக்கும்போது எழுதிவிடுவது நல்லது. தயாரிப்பாளர் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லும் குறை, வெப்பத்துக்கு ஈடு செய்யாத எந்த அனலாக் ஆஸிலேட்டருக்கும் (அலையை உண்டாக்கும் சுற்றுக்கும்) உண்டு.

குறை இதுதான்: சுருதி நிற்பதில்லை. பெடல் தனக்குள்ளேயே உண்டாக்கும் கேரியர் அலை, மார்கழியில் ஒழுங்காக இருந்துவிட்டு, கத்திரி வெயில் தொடங்கியதும் நகர ஆரம்பித்துவிடும். ஏசி போட்ட அறையில் 26 டிகிரியில் சேர்த்து வைத்திருப்பேன். மின்சாரம் போய் அறை 34 டிகிரிக்கு ஏறியதும் அது வேறு இடத்தில் நிற்கும். இதில் மர்மம் எதுவும் இல்லை. மின்னழுத்தத்தை ஸ்தாயிக் கணக்கில் அதிர்வெண்ணாக மாற்றும் டிரான்சிஸ்டர் இணை, ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.33 சதவீதம் தன் அளவுகோலைச் சுருக்கிக்கொள்கிறது. குறிப்புப் புள்ளியிலிருந்து இரண்டு ஸ்தாயி தள்ளி வாசித்தால் டிகிரிக்கு 8 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). எட்டு டிகிரிக்கு அரைச் சுரத்தில் பாதிக்கும் மேல். இதைச் சரிசெய்யத் தெரியாத காலத்தில் நாம் இல்லை. வெப்பத்தோடு சேர்ந்து தடை கூடும் 3300 பிபிஎம் (டிகிரிக்கு அதே 0.33 சதவீதம்) ரெசிஸ்டர் ஒன்றை அந்த டிரான்சிஸ்டர் இணையை ஒட்டி வைத்தால் போதும். சின்தசைசர்களில் இது பல காலமாக இருக்கும் வழக்கம். பெடலில் ஏன் வைக்கவில்லை என்று ஒவ்வொரு மே மாதமும் எரிச்சலோடு கேட்டுக்கொள்கிறேன்.

பெரும்பாலான கிட்டார் கலைஞர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. அவர்கள் ரிங் மாடுலேட்டரை மணிச்சத்தத்துக்கும் இரைச்சலுக்கும் பயன்படுத்துகிறார்கள். உள்ளே வரும் ஒலியையும் கேரியரையும் பெருக்கி, இரண்டின் கூட்டலையும் கழித்தலையும் மட்டும் வெளியே விடுகிற கருவி இது. சுரக்கூட்டு (கார்டு) மாறிக்கொண்டே இருக்கும் இசையில் அந்தக் கூட்டலும் கழித்தலும் எதிலும் பொருந்தாமல் போவது இயல்பு. அதனால்தான் அதற்கு அபஸ்வரப் பெட்டி என்ற பெயர். கேரியர் கொஞ்சம் நகர்ந்தால் இரைச்சல் இன்னொரு இரைச்சலாகும், அவ்வளவே.

நம் இசையில் ஆதார சட்ஜம் நகர்வதில்லை. கேரியரை அந்த சட்ஜத்தில் வைத்துவிட்டால் நடப்பதே வேறு. என் கிட்டாரில் மூன்று கட்டை சுருதி, அதாவது நடு ஸ்தாயி சட்ஜம் 164.8 ஹெர்ட்ஸ். கேரியரும் அதே. பஞ்சமம் வாசிக்கிறேன்: 247.2. கூட்டினால் 412, அது மேல் ஸ்தாயி அந்தர காந்தாரம். கழித்தால் 82.4, அது ஆறாவது தந்தியின் வெற்றுச் சுரம், கீழ் ஸ்தாயியான மந்திர சட்ஜம். தைவதம் வாசித்தால் கூட்டலிலும் மத்தியமம், கழித்தலிலும் மத்தியமம், ஒன்று மேலே, ஒன்று கீழே. ஒரே ஒரு சுரத்தை மீட்டினால் இரண்டு சுரங்கள் சுருதியோடு சேர்ந்தே பிறக்கின்றன. மோகனம் வாசித்துப் பாருங்கள். சட்ஜம், காந்தாரம், பஞ்சமம் மூன்றும் ராகத்துக்குள்ளேயே இனிக்கும். தைவதம் இனித்தாலும் மோகனத்தில் இல்லாத மத்தியமத்தைக் கொண்டுவரும். ரிஷபத்தின் கழித்தல் மட்டும் 20 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடுவதால் சுரமாகக் கேட்காமல் ஒரு துடிப்பாகக் கேட்கிறது. கல்யாணியின் காகலி நிஷாதம் கரகரக்கும், அதை ஒதுக்கிவிடுகிறேன்.

ஐரோப்பாவில் இதை யோசித்தவர் இல்லாமல் இல்லை. ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் 1970-இல் இரண்டு பியானோக்களுக்கு எழுதிய 'மந்த்ரா' என்ற படைப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் கேரியர் ஒரு மையச் சுரத்தில் நிற்கும். பியானோ அந்தச் சுரத்தைத் தொட்டால் தெளிவு, விலகினால் கலக்கம். ஆனால் அவருக்கு மையம் பகுதிக்குப் பகுதி மாறியது. நமக்கு ஒரு கச்சேரி முழுக்க ஒரே மையம். இந்தக் கருவி நமக்காகவே பிறந்தது என்று சொல்லுமளவுக்கு எனக்கு இதில் நம்பிக்கை உண்டு.

ஒரு நிபந்தனை: ஃபிரெட்டை, அதாவது கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த கட்டைகளை, நம்பக் கூடாது. கிட்டாரின் அந்தர காந்தாரம் 5:4 என்ற துல்லியமான கணக்கைவிட 14 சென்ட் மேலே இருக்கிறது. காதுக்கு அது பழகிவிட்டது. கழித்தல் ஒலியில் அதே பிழை 67 சென்ட்டாகப் பெருத்துவிடும். ஆகவே ஸ்லைடு வைத்து, கோட்டுவாத்தியம் போல வழுக்கித்தான் வாசிக்கிறேன். அதில் இன்னொரு சுகம் கிடைத்தது. கேரியரை ஒரு ஸ்தாயி ஏற்றி 329.6-இல் வைத்துவிட்டு சட்ஜத்திலிருந்து பஞ்சமம் வரை ஜாரு கொடுங்கள். கை மேலே போகப்போக கழித்தல் ஒலி கீழே இறங்குகிறது. காந்தாரத்தைக் கடக்கும்போது அது மந்திர பஞ்சமத்தில் இருக்கிறது, கை பஞ்சமத்தைத் தொடும்போது மந்திர சட்ஜத்தில் உட்காருகிறது. ஒரு கமகத்துக்கு எதிர்த்திசையில் இன்னொரு கமகம். வேறு எந்தப் பெடலிலும் இதை நான் கேட்டதில்லை.

மற்ற பெடல்களோடு சேர்க்கும்போது வரிசைதான் எல்லாம். ரிங் மாடுலேட்டருக்கு முன்னால் கிட்டாரின் டோன் திருகைக் குறைத்துவிட வேண்டும். மேல் அனுசுரங்கள் (ஒரு சுரத்தோடு கூடவே ஒலிக்கும் மேல் ஒலிகள்) ஒவ்வொன்றும் தன் பங்குக்கு இரண்டு ஒலிகளைப் பெற்றுப் போடுவதால், உள்ளே போகும் ஒலி எவ்வளவு மொட்டையாக இருக்கிறதோ அவ்வளவு தெளிவு. கம்ப்ரஸர் முன்னால் இருக்கட்டும், சுரம் நீடிக்கும். ஒலியைக் கரடுமுரடாக்கும் ஃபஸ்ஸை முன்னால் வைத்தால் சேகண்டி ஒலி, பின்னால் வைத்தால் கேரியர் கசிவுதான் முதலில் பெருகும். இரண்டுக்கும் இடம் உண்டு, எனக்கு முன்னால் வைப்பது பிடிக்கும். ஒற்றைச் சுருள் பிக்கப் வேண்டவே வேண்டாம். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல் கேரியரோடு பெருகி 115-இலும் 215-இலும் போய் நிற்கும், சுருதியில் எங்கும் சேராது. இந்த இரைச்சலைத் தணிக்கும் இரட்டைச் சுருள் ஹம்பக்கர் இல்லையென்றால், வாசிக்காதபோது ஒலியை அடைக்கும் நாய்ஸ் கேட்டை முன்னால் வையுங்கள்.

கடைசியில் எதிரொலி தரும் அனலாக் டிலே. 1969-இல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் உருவான பக்கெட் பிரிகேட் முறையில் வேலை செய்பவற்றைச் சொல்கிறேன், டிஜிட்டலை அல்ல. அவற்றில் எதிரொலி ஒவ்வொன்றும் முன்னதைவிட மங்கலாக வரும். ரிங் மாடுலேட்டரின் கூர்மையான மேல் ஒலிகள் முதலில் கரைந்து, கழித்தல் ஒலி மட்டும் கடைசிவரை தங்கும்.

இதைவிட நான் விரும்பும் இணைப்பு வேறு. என் டிலேயில் எதிரொலிச் சுற்றுக்குள் இன்னொரு பெடலைச் செருக ஒரு வழி இருக்கிறது. அங்கே ரிங் மாடுலேட்டரை வைத்தேன். ஒவ்வொரு எதிரொலியும் மறுபடி கேரியரோடு பெருகி வருகிறது. கேரியர் சட்ஜத்தில் சரியாக நின்றால், பஞ்சமத்தை ஒருமுறை மீட்டியதும் வரும் எல்லா ஒலிகளும் மந்திர சட்ஜத்தின் 1, 3, 5, 7 என ஒற்றைப்படை மடங்குகளிலேயே விழுகின்றன. மீட்டிவிட்டுக் கையை எடுத்துவிடலாம். தந்தி நின்ற பிறகு தம்புராவின் ஜீவா நூல் எழுப்பும் ரீங்காரம் போல ஒரு ஒலி தானாக விரிந்துகொண்டே போகிறது. திருவான்மியூர் வீட்டில் இரவில் இதை மட்டும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் அந்தக் குறை முழு வன்மத்தோடு வருகிறது. கேரியர் 1 ஹெர்ட்ஸ் விலகினால் முதல் எதிரொலியில் 1 ஹெர்ட்ஸ் பிழை, அடுத்ததில் 2, அதற்கடுத்ததில் 3. கூட்டல் ஒரு பக்கமும் கழித்தல் இன்னொரு பக்கமுமாக இழுக்க, அந்த அழகான விரிவு சில நொடிகளில் கலைந்து இரைச்சலாகிவிடும். சாதாரண வாசிப்பில் பொறுத்துக்கொள்ளக்கூடிய விலகல், இதன் மிகச் சிறந்த பயன்பாட்டையே நாசம் செய்கிறது. பெடலைப் பத்து இருபது நிமிடம் முன்பே போட்டுச் சூடாக்குகிறேன். சட்ஜத்தை மீட்டித் துடிப்பு அடங்கும்வரை திருகைச் சேர்க்கிறேன். ஏசி நின்று மீண்டும் ஓடினால் மறுபடி அதே வேலை. வெளிக் கேரியர் வாங்கும் துளை இருக்கிறதே என்பார்கள். எலக்ட்ரானிக் தம்புராவை அதில் செருகினேன். சுருதி அசையவில்லை, உண்மைதான். ஆனால் தம்புராவின் அனுசுரங்கள் எல்லாமே கேரியராகி ஒலி சந்தைக்கடையாகிவிட்டது. நடுவில் மேல் ஒலிகளை வடிகட்டும் லோ பாஸ் ஃபில்டர் ஒன்று வைத்துத்தான் அடங்கியது. அப்படிச் செய்தால் திருகையோ எக்ஸ்பிரஷன் பெடலையோ வைத்துக் கேரியரை நகர்த்தும் வசதி போய்விடுகிறது.

பழுது என்ன என்று சொல்லவில்லையே. ஃப்ரீக்வென்சி திருகு கடற்காற்றின் உப்பில் அரித்து, தொட்டாலே கரகரத்தது. பழுது பார்த்தவர் நேர்த்தியான கைக்காரர். அதே அளவில் புதிய கண்ட்ரோல் போட்டு, சர்க்யூட் முழுவதையும் துடைத்துக் கொடுத்தார். ஒன்றும் வாசிக்காதபோது மெல்லக் கேட்கும் கேரியர் கசிவைக் கவனித்துவிட்டு, "சார், இதையும் அடைத்துவிடட்டுமா? உள்ளே ஒரு சின்ன பிரீசெட் திருகு இருக்கிறது" என்று கேட்டார்.

"வேண்டாம் அண்ணே, அப்படியே விட்டுவிடுங்கள். அது எனக்குச் சுருதி" என்றேன். உலகமெங்கும் இந்தக் கசிவைத்தான் திட்டுகிறார்கள். கேரியர் சட்ஜத்தில் இருந்தால் அது பின்னணியில் ஒலிக்கும் சுருதிப் பெட்டி.

3300 பிபிஎம் ரெசிஸ்டரைப் பற்றியும் கேட்டேன். அவரிடம் இல்லை, வரவழைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். விலை எவ்வளவு இறங்கியிருந்தாலும் வேண்டாம். நீங்கள் மேடையில் வாசிப்பவர். நம் ஊர் மேடை விளக்குச் சூட்டில் நடுப் பாட்டில் குனிந்து திருகைச் சேர்த்துக்கொண்டிருக்க உங்களுக்குப் பொறுமை இருக்காது, இருக்கவும் வேண்டியதில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல அனலாக் டிலே ஒன்று வாங்குங்கள். அப்படியானால் உங்களுடையதைக் கொடுத்துவிடுகிறீர்களா என்று உடனே கேட்டார். கொடுக்க மாட்டேன். ரெசிஸ்டர் வந்ததும் போட்டுப் பார்த்து, வரும் மே மாதம் முழுக்க ஏசி இல்லாமல் வாசிக்கப்போகிறேன்.