கரும்புகை தள்ளும் பழைய டீசல் கார்: நாசிலைக் கழற்றுவதா, காற்றுப் பாதையைப் பார்ப்பதா?

பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய டீசல் கார் புகை தள்ள ஆரம்பித்தால் ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் மூன்று பதிலில் ஒன்றுதான் வரும். நாசில் (இன்ஜெக்டரில் டீசலைத் தூவும் முனை) போச்சு, டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி) போச்சு, இல்லையென்றால் இன்ஜின் வேலை. மூன்றுமே பெரிய செலவு. காற்று உள்ளே போகும் பாதையை முதலில் பார்ப்போம் என்று சொல்பவர்கள் குறைவு. கரும்புகை என்றால் அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆனால் நிறத்தோடு நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கண் எரிகிற வெண்புகை வந்து இரண்டு நிமிஷத்தில் அடங்கினால் குளிர்ந்த இன்ஜினில் டீசல் பற்றச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கைச் சந்தேகிக்கலாம். சூடான பிறகும் வெண்புகை நிற்காமல், இனிப்பு வாடையோடு கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டாக (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) இருக்கலாம், வண்டியை ஓட்டவே ஓட்டாதீர்கள். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. இங்கே பிஸ்டன் ரிங்கா டர்போவா என்று குழப்பம் வரும். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியை லேசாகத் திறந்து பாருங்கள், குபுகுபுவென்று புகை அடித்தால் ரிங் பக்கம். அப்படி இல்லையென்றால் இன்ஜினை அணைத்து, ஆறிய பிறகு டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி ஷாஃப்டை அசைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினால் பரவாயில்லை, முன்னும் பின்னும் ஆடுவது கையில் தெரிந்தால் டர்போ தேய்ந்துவிட்டது.

கரும்புகைக்கு வருவோம். டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை, அல்லது காற்றுக்கு மிஞ்சிய டீசல் விழுகிறது. காற்றுக் குறை என்றால் ஐடிலில் வண்டி அமைதியாகவே நிற்கும், மேட்டில் ஏறும்போதோ ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதோதான் புகை வரும், பிக்கப் செத்துப்போகும், சில நேரம் உஸ்ஸென்று ஒரு சத்தமும் கேட்கும். நாசில் கோளாறு என்றால் ஐடிலிலேயே கடகடவென்று தட்டும், வண்டி நடுங்கும், மைலேஜ் இறங்கும், நின்ற இடத்திலும் புகை வரும்.

என் வண்டி டர்போ டீசல். நான்கு இன்ஜெக்டரும் மாற்ற வேண்டும் என்று ஒரு இடத்தில் சொல்லிவிட்டார்கள். ஐடில் நன்றாக இருக்கிறதே என்ற ஒரே உறுத்தலில் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) ஹோஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவினார், விரலெல்லாம் கருப்பு ஆயில். கழற்றி வளைத்தபோது ஒரு விரல் நீளத்துக்குப் பிளவு வாய் திறந்தது. மேலிருந்து பார்த்தால் புதுசு போலவே இருந்த ஹோஸ் அது! அதை மாற்றிய அன்றே புகை நின்றது.

இதே புத்தி எல்லா வண்டிக்கும் செல்லாது. டர்போ இல்லாத பழைய 1405 சிசி இண்டிகாவில் கிழிய இன்டர்கூலர் ஹோஸே கிடையாது, ஏர் ஃபில்டரைப் பார்த்தாயிற்று என்றால் அடுத்து நாசில்தான். கழற்றி டெஸ்டரில் போட்டால் பனி போலத் தூவுகிறதா, சொட்டுகிறதா என்று கண்ணால் பார்க்கலாம், செலவும் தாங்கும். ஸ்விஃப்டில் வந்த 1248 சிசி காமன் ரெயில் இன்ஜின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போவது) வேறு ரகம். ஹோஸ், இஜிஆர் (எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடும் அமைப்பு), சென்சார் என்று காற்றுப் பக்கமே நிறைய இருக்கிறது. இஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் கரும்புகைதான் வரும், கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தகடு வைத்து அடைத்துவிடலாம் என்பார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை, நைட்ரஜன் ஆக்ஸைடு கூடும்.

காமன் ரெயிலில் இன்ஜெக்டரைக் கழற்றாமலே சோதிக்க வழி இருக்கிறது. நான்கு இன்ஜெக்டரிலும் மிஞ்சும் டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் குழாயையும் நான்கு பாட்டிலில் விட்டு ஓடவிட்டால், எது மற்றதைவிட வேகமாக நிரம்புகிறதோ அதுதான் சந்தேகத்துக்குரியது. பழைய பம்ப் வண்டியில் செய்வதுபோல டீசல் பைப் நட்டை ஓட்டத்தில் லூஸ் செய்ய மட்டும் விடாதீர்கள். உள்ளே அழுத்தம் 1000 பாருக்கு மேலும் போகும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இன்ஜின் வேலைதான் என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக ஏறுகிறதா என்ற சோதனை) செய்து அளவைக் காட்டச் சொல்லுங்கள், அதற்கு முன் சம்மதிக்காதீர்கள். புகைச் சான்றிதழ்தான் அவசரம் என்றால், பிஎஸ்4 (பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதி)-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு வரம்பு 65 எச்எஸ்யூ (புகை அடர்த்தியின் அளவு), பிஎஸ்4-க்கு 50. ஃபுல் ஆக்ஸிலரேட்டர் கொடுத்துத்தான் அளப்பார்கள், அதனால் இன்ஜினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போங்கள், டைமிங் பெல்ட் உள்ள வண்டி என்றால், அந்த வேகத்தில் பழைய பெல்ட் அறுந்துபோகலாம், அதன் வயதையும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

எல்லாம் பார்த்து நாசில்தான் என்று முடிவானால், அடியில் இருக்கும் செப்பு வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். காமன் ரெயிலில் பல மாடல்களில் புது இன்ஜெக்டரின் குறியீட்டை ஸ்கேனரில் ஏற்றியாக வேண்டும், அந்த வசதி அவர்களிடம் இருக்கிறதா என்று கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.