கால்புரோடெக்டின் டெஸ்ட்: எண் சரி, கவனிப்பு சுமார்

தம்பிக்கு மாதக்கணக்காக வயிறு சரியில்லை. காலையில் டீ உள்ளே போனதும் பாத்ரூமுக்கு ஓடுவான். ஐபிஎஸ்ஸாகத்தான் (அழற்சி இல்லாமலே குடல் தொல்லை கொடுக்கும் கோளாறு) இருக்கும், இருந்தாலும் குடலில் அழற்சி இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம், கேமரா விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியை அப்புறம் யோசிக்கலாம் என்றார் டாக்டர். எழுதிக்கொடுத்தது மோஷனில் கால்புரோடெக்டின் என்ற புரதம் எவ்வளவு என்று பார்க்கும் டெஸ்ட். மதுரையில் வீட்டுக்கே வந்து சாம்பிள் வாங்கிக்கொள்ளும் ஒரு லேபில் கொடுத்தோம். பெயர் வேண்டாம்.

டப்பா நன்றாகவே இருந்தது. மூடியிலேயே சின்ன ஸ்பூன், இறுக்கமான திருகு மூடி, உள்ளே போட ஜிப் கவர். "அக்கா, இதைப் போய் அந்தப் பையன் கையில எப்படிக் குடுக்கறது?" என்று தம்பிதான் நெளிந்தான். வந்த பையன் முகம் சுளிக்காமல் பெயர், நேரம் எழுதி ஒட்டி எடுத்துப்போனான். அவனுக்கு முழு மார்க்.

கல்லூரியில் மைக்ரோபயாலஜி எடுக்கிறவள் என்பதால் எனக்கு இந்தப் புரதத்தின்மேல் தனிப் பிரியம். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் உள்ளே கரைந்திருக்கும் புரதத்தில் ஏறக்குறைய பாதி இதுதான். குடல் சுவரில் அழற்சி வந்தால் அந்த அணுக்கள் குடலுக்குள் இறங்கி இதைக் கொட்டும். இது துத்தநாகத்தையும் மாங்கனீஸையும் பிடித்துவைத்துக்கொள்ளும். கிருமிகள் அவை கிடைக்காமல் பட்டினி கிடக்கும். வயிற்றுப்போக்கு தரும் பாக்டீரியாவான சால்மோனெல்லா டைஃபிமுரியம் மட்டும் கில்லாடி. துளித் துத்தநாகத்தையும் உள்ளே இழுக்கும் பம்ப் அதனிடம் உண்டு. இரும்பிலும் அதே கதைதான். பாக்டீரியா இரும்பைப் பிடிக்க அனுப்பும் என்டரோபாக்டினை நம் உடம்பின் லிப்போகாலின்-2 என்ற புரதம் மடக்கிவிடும். சால்மோனெல்லாவோ அதில் சர்க்கரையை ஒட்டி அனுப்புகிறது, லிப்போகாலினின் பிடிக்குள் அது நுழையாது. மற்ற கிருமிகள் அடங்கிப்போன குடலில் இது கும்மாளம் போடும். நம் பாதுகாப்பே அதற்குச் சாதகமாகிவிடுவதை வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

ஆகவே எண் ஏறினால் அழற்சி என்று மட்டுமே அர்த்தம். கிரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போன்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய்கள், சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் எதுவானாலும் ஏறும். எது என்று இந்த டெஸ்ட் சொல்லாது.

ரிப்போர்ட் சொன்ன நாளில் வாட்ஸ்அப்பில் வந்தது: கிராமுக்கு 180 மைக்ரோகிராம். பெரியவர்களுக்குப் பொதுவாக 50-க்குள் இருந்தால் நிம்மதி. 250-ஐத் தாண்டினால் யோசிக்கவேண்டும். நடுவில் மாட்டினால் இழுபறி. ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் 'அதிகம்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். தம்பி அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை.

என் கோபம் இங்கேதான். இடுப்பு வலிக்கு அவன் டைக்ளோஃபெனாக் விழுங்கிக்கொண்டிருந்தான். இந்த ரக வலி மாத்திரைகள் குடலைப் புண்ணாக்கி எண்ணை ஏற்றிவிடும். புக் பண்ணும்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன் போட்டால், "டாக்டரைப் பாருங்க மேடம்." இரண்டாயிரத்துச் சொச்சம் வாங்குகிறவர்கள் ஒரு கேள்வி கேட்கக்கூடாதா?

டாக்டர் கேட்டார். மாத்திரையை நிறுத்தி, சில வாரம் கழித்து டெஸ்டைத் திரும்ப எடுக்கச் சொன்னார். 46. கொலோனோஸ்கோபி இப்போதைக்கு இல்லை, காலை டீயும் குறைந்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக முடிவெடுக்க வேண்டாம். மோஷனில் ரத்தம், எடை இறங்குவது, காய்ச்சல் என்று இருந்தால் எண் என்னவானாலும் டாக்டரிடம் போங்கள்.

டெஸ்டுக்கு ஐந்துக்கு நாலரை, லேபுக்கு மூன்று. மறுபடி எடுக்கவேண்டி வந்தாலும் அங்கேதான் போகவேண்டும். ஒவ்வொரு கம்பெனி கிட்டும் ஒவ்வொரு எண் காட்டும், இடம் மாறினால் பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட முடியாது.