டாம்சுலோசினா, டூட்டாஸ்டிரைடா? புராஸ்டேட் வீக்கத்துக்கு எந்த மாத்திரை யாருக்கு

ராத்திரி மூன்று மணிக்குக் குளியலறை விளக்கு எரியும். சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அப்பா நிற்பார். தண்ணீர்ச் சத்தம் கேட்டாலாவது வருமா என்று குழாயைச் சன்னமாகத் திறந்து வைத்திருப்பார். ஐந்து நிமிடம் நின்று நாலு சொட்டு. படுத்த அரை மணியில் மறுபடியும் முட்டும். வீட்டில் புராஸ்டேட் வீக்கம் உள்ளவர் யாராவது இருந்தால் இந்தக் காட்சி உங்களுக்கும் தெரிந்ததாகவே இருக்கும்.

அப்பாவுக்கு வைத்தியம் தொடங்கிய நாளிலிருந்து சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதுல எது நல்ல மாத்திரை?" எனக்குத் தெரிந்தவரை, சுரப்பி எவ்வளவு பெரியது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

புராஸ்டேட், சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி இருக்கிறது. இளவயதில் சுமார் 20 கிராம். வயது ஏற ஏற அது பெருக்கும். இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் பாதையை இரண்டு விதமாக அடைக்கும். ஒன்று, வளர்ந்த சதை குழாயை நெருக்குவது. இன்னொன்று, சுரப்பியிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசை இறுகிக்கொள்வது. மருந்துகளும் இந்த இரண்டைத்தான் ஆளுக்கொன்றாகப் பிடிக்கின்றன.

தளர்த்துவது, சுருக்குவது

இறுகிய தசையைத் தளர்த்துபவை ஆல்பா பிளாக்கர்கள்: டாம்சுலோசின், அல்ஃபுசோசின், சிலோடோசின், டாக்ஸாசோசின், டெராசோசின். இவற்றின் பெரிய பலம் வேகம். சில நாட்களிலேயே நீர் சற்று தாராளமாகப் போகத் தொடங்கும். சில வாரங்களில் முழுப் பலன் தெரிந்துவிடும். அப்பாவுக்கு முதல் வாரத்திலேயே ராத்திரி ஐந்து தடவை எழுந்தது மூன்றாகக் குறைந்தது. ஆனால் சுரப்பி ஒரு கிராம்கூடச் சிறுக்காது. மாத்திரையை நிறுத்தினால் பழைய தொந்தரவு திரும்பிவிடும்.

சுரப்பியையே சுருக்குபவை ஃபினாஸ்டிரைடும் டூட்டாஸ்டிரைடும். இவை பிறந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். டொமினிகன் குடியரசில் சலினாஸ் என்ற கிராமத்தில், பிறக்கும்போது பெண் குழந்தை போலத் தெரிந்து பருவ வயதில் ஆணாக மாறிய பிள்ளைகளைப் பற்றி 1974-இல் ஜூலியான் இம்பெராட்டோ மெக்கின்லியும் குழுவினரும் எழுதினார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அதைவிட வீரியமான டி.எச்.டி. என்ற ஹார்மோனாக மாற்றும் நொதி அவர்களுக்குக் குறைவு. பெரியவர்களான பிறகும் அவர்களுடைய புராஸ்டேட் சிறியதாகவே இருந்தது. அப்படியானால் அந்த நொதியைத் தடுத்தால் புராஸ்டேட் வளராது அல்லவா? அந்த யோசனையில் வந்த ஃபினாஸ்டிரைடுக்கு 1992-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சுருங்குவதற்கு நாளாகும். ஆறு மாதத்துக்கு முன்னால் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மொத்தத்தில் சுரப்பி ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு சிறுக்கும். நாலாவது மாதம் அப்பா, "இது ஒண்ணும் பண்ணல, நிறுத்திடுறேன்" என்றார். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள் என்று அவருடைய டாக்டர் சொன்னார். அவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் அப்பா தொடர்ந்தார்.

நேருக்கு நேர் வைத்தால்

இன்றைய அவஸ்தை குறைய வேண்டுமானால் ஆல்பா பிளாக்கர்தான், இதில் போட்டியே இல்லை. வருங்காலத்தில் நீர் அடியோடு அடைத்துக்கொள்வதையும் ஆபரேஷனையும் தவிர்ப்பதென்றால் சுருக்கும் மருந்துக்குத்தான் என் ஓட்டு. இதற்குக் கணக்கும் இருக்கிறது. 3,040 பேரிடம் நாலு வருடம் நடந்த ஃபினாஸ்டிரைடு ஆய்வு 1998-இல் வெளியானது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு ஆபரேஷன் தேவைப்பட்டது, மருந்து எடுத்தவர்களில் ஐந்து பேருக்கு. திடீர் நீரடைப்பு ஏழிலிருந்து மூன்றாகக் குறைந்தது.

2003-இல் வெளியான எம்டாப்ஸ் ஆய்வு இரண்டு வகையையும் ஒரே களத்தில் இறக்கியது. 3,047 பேர், சராசரியாக நாலரை வருடம். நோய் முற்றும் ஆபத்து டாக்ஸாசோசினால் 39 சதவீதமும், ஃபினாஸ்டிரைடால் 34 சதவீதமும், இரண்டையும் சேர்த்தால் 66 சதவீதமும் குறைந்தது. முதல் இரண்டு எண்களைப் பார்த்து இரண்டும் சமம் என்று நினைத்துவிட வேண்டாம். டாக்ஸாசோசின் தொந்தரவு கூடுவதைத் தடுத்தது. நீரடைப்பையும் ஆபரேஷனையும் கொஞ்சம் தள்ளிப்போட்டது, ஆனால் நீண்ட காலத்தில் அந்த ஆபத்தைக் குறைக்கவில்லை. ஃபினாஸ்டிரைடு குறைத்தது.

அப்படியென்றால் எல்லோரும் சுருக்கும் மருந்தையே சாப்பிடலாமே? கூடாது. சுரப்பி அவ்வளவாகப் பெருக்காதவர்களுக்கு அது வீண். 1996-இல் வந்த ஆய்வொன்றில் டெராசோசின் நன்றாக வேலை செய்தது, ஃபினாஸ்டிரைடு போலி மாத்திரையைத் தாண்டவில்லை. அதில் பங்கெடுத்தவர்களின் சுரப்பி சராசரியாக 40 கிராமுக்கும் கீழே. அதனால் ஸ்கேனில் சுரப்பி 30, 40 கிராமைத் தாண்டியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அப்பாவுக்கு 58 கிராம். அதனால்தான் இரண்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். டாம்சுலோசின் 0.4 மி.கி.யும் டூட்டாஸ்டிரைடு 0.5 மி.கி.யும் ஒரே கேப்ஸ்யூலாகவும் வருகிறது. சுரப்பி சுருங்கிய பிறகு சிலருக்கு டாம்சுலோசினை மட்டும் நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பக்கவிளைவுகள்

ஆல்பா பிளாக்கர் எடுப்பவர்கள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம், மூக்கு அடைக்கலாம். டாக்ஸாசோசினும் டெராசோசினும் ரத்த அழுத்தத்தை அதிகமாக இறக்கும். சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். வயதானவர்கள் ராத்திரி எழுந்து விழுந்துவிட்டால் இடுப்பெலும்பு போய்விடும், அதனால் எனக்கு அவை முதல் தேர்வல்ல. சிலோடோசின் ரத்த அழுத்தத்தை அவ்வளவாகத் தொடாது. ஆனால் உறவின்போது விந்து வெளியே வராமல் போவது இதில்தான் அதிகம், ஆய்வுகளில் நூற்றில் இருபத்தெட்டுப் பேருக்கு. உடம்புக்குக் கெடுதல் இல்லை என்றாலும், முன்கூட்டியே சொல்லாவிட்டால் மனிதர் பயந்துபோவார். அதைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கு அல்ஃபுசோசின் நல்லது. டாம்சுலோசின் நடுவில் நிற்கிறது. தினமும் ஒரே வேளைச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரத்தில் அதைப் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் தலைசுற்றல் கூடும்.

இன்னொன்று. கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தால், டாம்சுலோசின் சாப்பிடுவதை, எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும், கண் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஆபரேஷனின்போது கருவிழித்திரை தொளதொளத்துப் போய்ச் சிக்கல் வரும். முன்பே தெரிந்தால் அவர் தயாராக இருப்பார்.

சுருக்கும் மருந்தில் சிலருக்கு ஆசை குறைவது, விறைப்புக் குறைவது, மார்பு வலிப்பது அல்லது பருப்பது உண்டு. மனச்சோர்வு தெரிந்தாலும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையையோ ஒழுகும் கேப்ஸ்யூலையோ தொடக் கூடாது, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் பாதிக்கும். டூட்டாஸ்டிரைடை நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை ரத்த தானம் செய்யக் கூடாது. இரண்டில் எது மேல்? டி.எச்.டி.யை ஃபினாஸ்டிரைடு சுமார் 70 சதவீதமும் டூட்டாஸ்டிரைடு 90 சதவீதத்துக்கு மேலும் குறைக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரு வருடம் கொடுத்து ஒப்பிட்டபோது சுரப்பி ஏறக்குறைய ஒரே அளவில்தான் சுருங்கியது. அதனால் இதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் பி.எஸ்.ஏ. பரிசோதனை, அதாவது புராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகம் உண்டா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை. இந்த மருந்துகள் ஆறு மாதம், ஒரு வருடத்தில் பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாக்கிவிடும். ரிப்போர்ட்டில் வரும் எண்ணை இரண்டால் பெருக்கினால்தான் உண்மையான அளவு தெரியும். அப்பாவுக்கு 5.2 இருந்தது ஒரு வருடத்தில் 2.6 ஆனது, அது சரி. அடுத்த வருடம் வேறொரு இடத்தில் எடுத்தோம். 3.9 வந்தது. "நாலுக்குள்ள இருக்கு, நார்மல்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா டூட்டாஸ்டிரைடு சாப்பிடுவதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பழைய ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: கணக்குப்படி அது 7.8. அதைவிட, மருந்தைத் தொடர்ந்து எடுக்கும்போதே எண் ஏறியிருக்கிறது, அதுவே எச்சரிக்கை. மேல் பரிசோதனைகள் செய்தார்கள், நல்லவேளை, புற்றுநோய் இல்லை. அந்த இரண்டு வாரமும் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஆல்பா பிளாக்கரில் இந்தச் சிக்கல் கிடையாது, அது பி.எஸ்.ஏ.வை மாற்றாது.

மற்றவை

டாடலாஃபில் 5 மி.கி. தினமும் எடுப்பதற்கு 2011-இல் அமெரிக்காவில் அனுமதி வந்தது. நீர்ப்பிரச்சினையும் விறைப்புப் பிரச்சினையும் சேர்ந்தே இருப்பவருக்கு அது பொருத்தம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் அபாயமாக இறங்கிவிடும். சா பால்மெட்டோ மூலிகைக் கேப்ஸ்யூலைப் பலர் நம்பிக்கையோடு வாங்குகிறார்கள். 2006-இலும் 2011-இலும் வந்த நல்ல ஆய்வுகளில் அது போலி மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை.

தொந்தரவு லேசாக இருந்தால் மாத்திரையே வேண்டாம். ராத்திரித் தண்ணீரைக் குறைத்து, காபி, டீயைக் குறைத்து, அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டால் போதும். மாறாக, சிறுநீரகம் பாதிக்கப்பட்டாலோ, சிறுநீர்ப்பையில் கல் சேர்ந்தாலோ, ரத்தமோ கிருமித்தொற்றோ திரும்பத் திரும்ப வந்தாலோ மாத்திரைகளை மாற்றி மாற்றிப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள். ஆபரேஷனைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் அது.

எந்த மாத்திரையில் இருந்தாலும், சளிக்குக் கடையில் வாங்கும் மருந்தில் சூடோஎஃபெட்ரினோ தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மருந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ராத்திரியில் நீரை அடைத்துவிடும். அடிவயிறு கல்லாக இறுகி ஒரு சொட்டும் வரவில்லை என்றால் கூடுதலாக ஒரு மாத்திரை போட்டுக் காத்திருக்க வேண்டாம், நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். டியூப் போட்டு நீரை எடுப்பார்கள். கூடவே ஆல்பா பிளாக்கர் தொடங்கினால், சில நாள் கழித்து டியூபை எடுக்கும்போது நீர் தானாகப் போகும் வாய்ப்பு கூடும்.