ஊட்டிப் பனியில் ஒரு பாலித்தீன் கொட்டாய்: ஆறு வருட அனுபவம்

2018 அக்டோபரில் வீட்டுக்குப் பின்னால் இருபதுக்குப் பத்தடி இடத்தில் ஜி.ஐ. பைப் நட்டு, வெயிலைத் தாங்கும் 200 மைக்ரான் யூ.வி. பாலித்தீன் ஷீட் போட்டு, செடிகளுக்காக ஒரு கொட்டகை அடித்தேன். பாலிஹவுஸ் என்று பெருமையாகச் சொல்லலாம். வீட்டில் எல்லோருக்கும் அது 'கொட்டாய்'தான். நாங்கள் இருப்பது ஊட்டியில் தலைகுந்தா பக்கம். டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெள்ளையாகக் கிடப்பதைப் பார்க்க விடியற்காலையில் வண்டி எடுத்துக்கொண்டு வருவார்களே, அந்த இடம். பார்க்க அழகுதான். பிகோனியா வளர்ப்பவனுக்கு மட்டும் மதியத்துக்குள் ஒரு தொட்டி கறுத்துப்போயிருக்கும்.

பனிக்காகத்தான் கட்டினேன். இப்போது கேட்டால், பனிக்கு இது பாதி மருந்து, மழைக்குத்தான் முழு மருந்து என்பேன்.

முதல் குளிர்காலத்தில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு தெர்மாமீட்டர் மாட்டினேன். மேகமில்லாத, காற்றில்லாத இரவுகளில் இரண்டுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் வந்தாலே பெரிது. ஒன்றிரண்டு நாள் உள்ளேதான் குறைவாகக் காட்டியது. கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மேல்வீட்டு அண்ணன் பூங்காவில் மாலியாக, அதாவது தோட்டக்காரராக, இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பனி மேல இருந்து விழாது தம்பி. தரையில இருக்கிற சூடு ராத்திரி வானத்துக்குப் போயிடுது. உன் ஷீட்டு அதைத் தடுக்காது. வானத்தைப் பாக்குற செடிதான் கருகும்."

விஷயம் அதுதான். சாதாரண பாலித்தீன் ஷீட் வெயிலை உள்ளே விடுவது போலவே, இரவில் மண்ணிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிர்களையும் பெரும்பாலும் வெளியே விட்டுவிடும். காற்று உள்ளே அடைபட்டிருப்பதால் வெளிக்காற்றின் சூடும் வந்து கலக்காது. ஒரு செலவும் இல்லாமல் எங்கள் வீட்டுத் தகரத் தாழ்வாரத்தின் கீழ் இருந்த தொட்டிகள் தப்பித்ததற்குக் காரணம் அப்புறம்தான் புரிந்தது. அவற்றுக்கு வானமே தெரியாது.

அதனால் இப்போது கொட்டாய்க்குள்ளேயே செடிகளுக்கு இரண்டாவது போர்வை உண்டு. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பழைய பருத்திப் புடவையை இலையில் படாமல் குச்சி நட்டு மூடுவேன், காலையில் எடுத்துவிடுவேன். வெளியே இருப்பவற்றுக்கு மிலார் என்ற செடியை வெட்டிவந்து போடுவேன். 1848-இல் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்காவில் இன்றும் பனிக்காலத்தில் நாற்றுகளையும் அலங்காரச் செடிகளையும் கோத்தகிரி மிலார் செடியை வெட்டிவந்துதான் மூடுகிறார்கள். எத்தனை ஷீட் வந்தாலும் அதை விடவில்லை. மூட மறந்த நாளில், வெயில் படுவதற்கு முன்பே இலைமேல் தண்ணீர் தெளித்துவிடுங்கள். உறைந்த இலையில் நேராக வெயில் விழுந்தால் சேதம் அதிகம்.

சரி, மழைக்கு வருவோம். கொட்டாய் பார்த்த முதல் தென்மேற்குப் பருவமழை 2019-இல். அந்த ஆகஸ்டில் இதே நீலகிரியில் இருக்கும் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லையென்றாலும் வெளியே வைத்திருந்த ஜெரேனியம் எல்லாம் தண்டு அழுகிப் போனது. உள்ளே இருந்தவற்றில் ஒன்றுகூடச் சாகவில்லை. தக்காளியும் அப்படித்தான். திறந்த வெளியில் ஜூன் சாரலிலேயே இலை கருகிவிடும். உருளைக்கிழங்கைத் தாக்கும் அதே கருகல் நோய்தான். இலை நனையாததால் உள்ளே வந்த செர்ரி தக்காளியை மழை மாதங்களிலும் பறித்தோம். சிக்ளமென், சினரேரியா, பிகோனியாவும் உள்ளே சுகமாக இருக்கின்றன.

ஃபியூஷியாவை மட்டும் தயவுசெய்து உள்ளே வைக்காதீர்கள். நான் வைத்தேன். மார்ச்சில் வெளியே இதமான வெயில் அடிக்கும்போது உள்ளே மதியம் 35 டிகிரியைத் தாண்டிவிடும். மொட்டெல்லாம் கொட்டிப்போனது. அசேலியா, கமீலியா, ஹைட்ரேஞ்சியா எல்லாம் இந்த மலையின் புளிப்பு (அமில) மண்ணையும் மூடுபனியையும் விரும்புகிறவை. அவற்றுக்குக் கூரை எதற்கு? ஹைட்ரேஞ்சியாவில் ஒரு வேடிக்கை. கொட்டாய்க்குப் போட்ட சிமெண்ட் அடித்தளத்தை ஒட்டி இருந்த நீலப் பூச்செடி, இரண்டாம் வருடம் இளஞ்சிவப்பாகப் பூத்தது. சிமெண்டிலிருந்து கசிந்த சுண்ணாம்பு மண்ணின் புளிப்பைக் குறைத்துவிட்டது. புளிப்பு குறைந்தால் செடிக்கு அலுமினியம் கிடைக்காது, அலுமினியம் இல்லையென்றால் நீலம் இல்லை. என் மனைவிக்கு அந்தச் சிவப்புதான் பிடித்திருக்கிறது, அதனால் விட்டுவிட்டோம்.

கட்டுமானத்தில் நடந்த தவறுகளையும் சொல்ல வேண்டும். செய்துகொடுத்தவர் கூரைச் சரிவைக் குறைத்துவிட்டார். மழையில் ஷீட் தொட்டில் மாதிரி தொங்கித் தண்ணீர் தேங்கியது. நடுவில் ஒரு பைப் ஏற்றித்தான் சரிசெய்தேன். ஷீட்டை ரீப்பர் கட்டை, அதாவது மெல்லிய மரச்சட்டம், வைத்து ஆணி அடித்திருந்தார். முதல் ஜூலைக் காற்றிலேயே ஆணித் துளைகள் வழியாகக் கிழிந்தது. அலுமினியம் சேனலில் வளைந்த கம்பி ஸ்பிரிங்கை அழுத்திப் பூட்டும் முறைக்கு மாற்றிய பிறகு தொல்லை இல்லை. ஷீட் முதலில் நைந்தது வெயிலில் சூடாகும் பைப்பைத் தொட்ட கோடுகளில்தான். 2022-இல் புது ஷீட் போட்டபோது பைப் முழுக்க வெள்ளைப் பெயிண்ட் அடித்தேன், இதுவரை அந்த இடங்களில் விரிசல் இல்லை. குரங்குகள் சறுக்கு விளையாடியதால் விழுந்த ஓட்டைகள் தனிக் கணக்கு. அதற்கு யூ.வி. டேப் ஒரு ரோல் எப்போதும் கையில் வைத்திருக்கிறேன்.

அடைத்துவைத்த ஈரம்தான் தினசரித் தலைவலி. விடியும்போது ஷீட்டின் உள்பக்கம் வியர்த்து இலைமேல் சொட்டும். வாடிய பூவைக் கிள்ளாமல் விட்டால் அதிலிருந்து சாம்பல் பூஞ்சை கிளம்பிவிடும். அதனால் வெயில் ஏறியதும் இரண்டு பக்கத் திரையையும் சுருட்டிவிட வேண்டும், எவ்வளவு குளிராக இருந்தாலும். தண்ணீர் காலை பத்து, பதினொரு மணிக்கு மட்டும், அதுவும் மண்ணில். சமவெளிக்காரர்கள் வீடியோவில் சொல்கிறார்களே என்று தொட்டியில் தேங்காய் நார்க்கழிவைப் பாதிக்குப் பாதி சேர்த்தேன். வெயிலூருக்கு அது சரி. இங்கே வாரக்கணக்கில் காயாமல் வேர் அழுகியது. இப்போது செம்மண், மட்கிய சாணம், கரடுமுரடான மணல் மட்டும்தான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நிலைமை தலைகீழ். உள்ளே காய்ந்த சூட்டில், இலைச் சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்திப் பூச்சி வந்துவிடும். இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சினாலே பெரும்பாலும் அடங்கும்.

மறுபடி கட்டுவேனா? கட்டுவேன். ஆனால் பத்துக்குப் பத்து போதும், உயரம் இரண்டடி கூட, உச்சியில் சூடு வெளியேற ஒரு திறப்பு. மிச்சமாகும் காசுக்குத் தாழ்வாரத்தை இன்னும் நான்கடி நீட்டிவிடுவேன்.